இஷ்யூ, நிட், ரீபேஸ், அப்ஸ்ட்ரீம்: திறமூலத் திட்டங்களில் புழங்கும் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறமூல மென்பொருள் திட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். நிரல் எழுதுகிறவர்கள், ஆவணம் எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்க வந்தவர்கள் என்று பலரும் இருப்பார்கள். கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். நிரலைப் பற்றிய கேள்விகள் குறைவு. நிரலைச் சுற்றி நடக்கும் பேச்சைப் பற்றியவைதான் அதிகம். நல்ல திறமை உள்ள ஒருவர், “ரீபேஸ் செய்துவிட்டு பிங் பண்ணுங்கள்” என்ற ஒரே வரி புரியாமல் பாதியில் விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் அப்படிப் போகக் கூடாது என்றுதான் இதைத் தொகுத்தேன்.

படிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொற்களில் பெரும்பாலானவை, அடுத்த வேலை யார் கையில் இருக்கிறது என்று சொல்வதற்காகவே புழங்குகின்றன. சரியான பொருள் தெரியாத இடத்தில்கூட, “பந்து இப்போது என்னிடமா, அவர்களிடமா?” என்று கேட்டுப் பாருங்கள். பாதி விளங்கிவிடும்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. காசில்லாமல் கிடைப்பது பெரும்பாலும் அதன் விளைவு, அவ்வளவுதான். மூல நிரலைப் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமம் இடம் தருகிறதா என்பதே கேள்வி. திறமூல மென்பொருளைக் காசுக்கு விற்கலாம், தடையில்லை. இன்னொரு பக்கம், இலவசமாகக் கிடைக்கும் எத்தனையோ செயலிகளின் மூல நிரலை யாரும் பார்க்கவே முடியாது.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் வந்த குழப்பம் இது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தபோது அவர் மனதில் இருந்தது விடுதலை. 1998-இல் கிறிஸ்டின் பீட்டர்சன் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயரை முன்வைத்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். தமிழில் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ‘கட்டற்ற மென்பொருள்’ என்பவர்கள் பயனரின் உரிமையை முன்னால் வைக்கிறார்கள், ‘திறமூலம்’ என்பவர்கள் சேர்ந்து உருவாக்கும் முறையின் பயனை முன்னால் வைக்கிறார்கள். உரிமங்களின் பட்டியலைப் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுதான்.

ரெப்போ, கமிட், பிராஞ்ச் எல்லாம் தனித்தனியாகப் புரிகிறது. ஒன்றாகச் சொன்னால் தலை சுற்றுகிறது.

ரெப்போ என்பது திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் முழு வரலாறும் சேர்ந்த களஞ்சியம். கமிட் என்பது அந்த வரலாற்றில் ஒரு பதிவு: யார், எப்போது, எதை மாற்றினார், ஏன் என்ற குறிப்போடு. பிராஞ்ச் என்பது அந்த வரலாற்றிலிருந்து பிரிந்து போகும் ஒரு கிளை. மூலக்கிளையைத் தொடாமல் உங்கள் கிளையில் எதை வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். சரியாக வந்தால் மூலக்கிளையோடு சேர்ப்பார்கள். சேர்ப்பதற்குத்தான் மெர்ஜ் என்று பெயர். மூலக்கிளையின் பெயர் பழைய திட்டங்களில் ‘மாஸ்டர்’, புதியவற்றில் ‘மெயின்’. இரண்டும் ஒன்றே.

விவாதங்களில் எண்ணும் எழுத்தும் கலந்து ஏழெட்டு எழுத்து நீளத்தில் ஒரு துண்டு வரும். அது கமிட்டின் அடையாள எண்ணின் தொடக்கப் பகுதி. முழு எண் வழக்கமாக 40 எழுத்து நீளம் என்பதால் யாரும் முழுதாக எழுதுவதில்லை.

கிட், கிட்ஹப் இரண்டும் ஒன்றுதானா?

வேறு வேறு. கிட் என்பது கோப்புகளில் நடக்கும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்க உங்கள் கணினியிலேயே ஓடும் கருவி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழு அதுவரை பயன்படுத்திவந்த வணிகக் கருவியின் இலவச அனுமதி போனபோது, 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அது. கிட்ஹப் 2008-இல் வந்த இணையதளம். கிட் களஞ்சியங்களை வைத்துக்கொள்ளவும் அவற்றைச் சுற்றிப் பேசவும் ஓர் இடம். கிட்லேப், கோட்பெர்க் என்று வேறு இடங்களும் உண்டு. இஷ்யூ, புல் ரிக்வெஸ்ட், லேபிள் போன்றவை அந்தத் தளங்களின் சொற்கள். கமிட், பிராஞ்ச், ரீபேஸ் ஆகியவை கிட்டின் சொற்கள். எது எந்தப் பக்கம் என்று தெரிந்தால், உதவியை எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

என் மாற்றத்தை நான்தான் கொடுக்கிறேன். அதை ஏன் ‘புல்’, அதாவது இழு, என்கிறார்கள்?

கேட்பவரின் இடத்திலிருந்து பார்த்தால் முரணாகத்தான் தெரியும். ஆனால் மூலக் களஞ்சியத்தில் எழுதும் அனுமதி உங்களுக்கு இல்லை. உங்களால் அங்கே தள்ள முடியாது. “என் களஞ்சியத்தில் மாற்றம் தயாராக இருக்கிறது, நீங்கள் இழுத்துக்கொள்ளுங்கள்” என்று வேண்டுகோள்தான் வைக்க முடியும். அதனால்தான் புல் ரிக்வெஸ்ட். அனுமதி யாரிடம் இருக்கிறது என்பதை இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. கிட்டிலேயே இப்படி வேண்டுகோள் எழுதித் தரும் ஒரு கட்டளை உண்டு. தளங்கள் அதற்கு ஒரு பொத்தான் வைத்தன.

கிட்லேப் இதையே மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்கிறது. பேச்சில் பிஆர், எம்ஆர் என்று சுருக்குவார்கள். லினக்ஸ் கெர்னலில் இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சலில் பேட்ச் அனுப்புவார்கள். பேட்ச் என்பது எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்று காட்டும் கோப்பு. துளையிட்ட காகித நாடாவில் நிரல் ஓடிய காலத்தில் தவறான இடத்தில் நிஜமாகவே ஒட்டுப் போட்டுத் திருத்தினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது.

இஷ்யூ என்றால் பிரச்சினைதானே? எனக்கு ஒரு யோசனைதான் இருக்கிறது, அதை எங்கே சொல்வது?

இஷ்யூவிலேயே சொல்லலாம். இங்கே இஷ்யூ என்றால் எண் போட்டுப் பதிந்து வைத்த ஒரு விஷயம். பிழை, கோரிக்கை, யோசனை எதுவாகவும் இருக்கலாம். சில திட்டங்கள் பிழைகளுக்கு மட்டும் இஷ்யூவை வைத்துக்கொண்டு, கேள்விகளுக்குத் தனி இடம் தரும். களஞ்சியத்தில் ‘கான்ட்ரிபியூட்டிங்’ என்று ஒரு கோப்பு இருக்கும்; முதலில் அதைப் படியுங்கள்.

புதிதாக வந்த இஷ்யூக்களைப் பார்த்து, எது அவசரம், எது ஏற்கெனவே பதிவானது, எதற்குக் கூடுதல் விவரம் வேண்டும் என்று பிரிப்பதற்கு ட்ரியாஜ் என்று பெயர். மருத்துவத்தில் காயம்பட்டவர்களில் யாருக்கு முதலில் சிகிச்சை என்று பிரிப்பதற்கும் இதே சொல்தான். ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று லேபிள் ஒட்டியிருந்தால், புதியவர்களுக்காகவே எடுத்து வைத்தது என்று பொருள். தயங்காமல் எடுங்கள்.

ஃபோர்க் பொத்தானை அழுத்திவிட்டேன். திட்டத்தை உடைத்துவிட்டேனா?

இல்லை, ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதுதான் வினை. தளத்தில் ஃபோர்க் என்றால் உங்கள் கணக்கில் ஒரு நகல், அவ்வளவே. மேலே சொன்ன வேண்டுகோளை வைக்க அந்த நகல் தேவை. ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் செய்வது.

பழைய பொருள் கனமானது: கருத்து ஒத்துப் போகாமல் ஒரு குழு தனியே பிரிந்து, அதே நிரலை வேறு பெயரில் தொடர்வது. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து 2009-இல் மரியாடிபி பிரிந்தது. ஓப்பன் ஆஃபீசிலிருந்து 2010-இல் லிப்ரே ஆஃபீஸ் பிரிந்தது. பிரிந்தவை திரும்பச் சேர்வதும் உண்டு. நோட் ஜேஎஸ்ஸிலிருந்து 2014 இறுதியில் ஐஓ ஜேஎஸ் பிரிந்து, அடுத்த ஆண்டே இரண்டும் ஒன்றாயின. விவாதத்தில் யாராவது “அப்படியென்றால் ஃபோர்க் செய்துகொள்ளுங்கள்” என்றால் இந்த இரண்டாம் பொருளில்தான் சொல்கிறார்கள். அது கோபமாக இருக்கலாம். ஆனால் அந்த உரிமை உண்மையிலேயே உங்களிடம் இருக்கிறது. பிரிந்து போகும் உரிமை எல்லோருக்கும் இருப்பதால்தான், திட்டத்தை நடத்துகிறவர்கள் மற்றவர் சொல்வதைக் காதில் வாங்குகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பிழை ஒன்றைச் சொன்னேன். “இது அப்ஸ்ட்ரீம், அங்கே சொல்லுங்கள்” என்று மூடிவிட்டார்கள். அப்ஸ்ட்ரீம் எங்கே இருக்கிறது?

தலைமடை, கடைமடை என்றால் உடனே புரியும். நிரலை முதலில் எழுதுகிறவர்கள் தலைமடை. அதை எடுத்துத் தொகுத்து அடுத்தவருக்குக் கொடுக்கிறவர்கள் கீழே. உபுண்டு, டெபியன் இரண்டும் லினக்ஸ் தொகுப்புகள்; உபுண்டுவுக்கு டெபியன் தலைமடை. டெபியனில் இருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதை எழுதிய குழு தலைமடை. நீங்கள் கடைமடையில் நின்று தண்ணீர் கலங்கியிருக்கிறது என்கிறீர்கள். கலங்கியது மேலே என்றால், மேலே போய்ச் சரிசெய்தால்தான் எல்லா வாய்க்காலிலும் தெளிந்த தண்ணீர் வரும்.

அப்படியென்றால் அந்தப் பதில் மறுப்பு அல்ல. பிழை இருப்பதை ஒப்புக்கொண்டு, சரியான இடத்தைக் காட்டுகிறார்கள். பந்து உங்களிடம் திரும்பியிருக்கிறது. மேலே புதிதாக ஓர் இஷ்யூ திறந்து, கீழே பேசியதற்கு இணைப்பும் கொடுங்கள். இதே சொல் கிட்டிலும் வரும். அங்கே ‘ஒரிஜின்’ என்பது வழக்கமாக உங்கள் நகல், ‘அப்ஸ்ட்ரீம்’ என்பது நீங்கள் நகலெடுத்த மூலம்.

எல்ஜிடிஎம், டபிள்யூஐபி, பிடிஏஎல்... இதெல்லாம் என்ன?

‘எல்ஜிடிஎம்’ என்றால் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ‘டபிள்யூஐபி’ என்றால் வேலை இன்னும் முடியவில்லை, இப்போதே சேர்த்துவிடாதீர்கள். ‘பிடிஏஎல்’ என்றால் தயவுசெய்து பாருங்கள். ‘ஆக்’ ஒப்புதல், ‘நாக்’ மறுப்பு. இரண்டும் தகவல் தொடர்பிலிருந்து வந்தவை. ‘ஆர்எஃப்சி’ என்றால் இது முடிவல்ல, கருத்துச் சொல்லுங்கள் என்று பொருள். 1969-இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் முதல் ஆர்எஃப்சி எழுதப்பட்டது, பழக்கம் இன்றும் தொடர்கிறது. ‘பிங்’ என்றால் மெதுவாக நினைவூட்டுவது.

எல்ஜிடிஎம் வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சொன்னவருக்குச் சேர்க்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வழிப்போக்கர் ஒருவரும் எல்ஜிடிஎம் போடலாம். பல திட்டங்களில் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும்.

என் பிஆரில் எட்டு இடத்தில் ‘நிட்’ என்று எழுதியிருக்கிறார். என் வேலை பிடிக்கவில்லையா?

நேர்மாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘நிட்’ என்பது தலையில் இருக்கும் ஈர். ஈர் உருவுவது போல நுணுக்கமாகப் பார்த்துச் சொல்லும் சின்னத் திருத்தம்: ஓர் இடைவெளி, ஒரு பெயர், ஒரு காற்புள்ளி. “இது கட்டாயமில்லை, ஆனால் செய்தால் நல்லது” என்று அடையாளம் காட்டத்தான் அந்தச் சொல்லை முன்னால் போடுகிறார்கள். ஒருவர் எட்டு ஈர் உருவியிருக்கிறார் என்றால் ஒவ்வொரு வரியையும் பொறுமையாகப் படித்திருக்கிறார். பெரிய குறை இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

கட்டாயத் திருத்தத்துக்கு ‘பிளாக்கிங்’, ‘சேஞ்சஸ் ரிக்வெஸ்டெட்’ போன்ற சொற்கள் வரும். அவற்றைச் செய்யாமல் உங்கள் பிஆர் நகராது. நிட்டுகளில் உங்களுக்கு உடன்பாடு இல்லாததை, காரணம் சொல்லி விட்டுவிடலாம்.

சிஐ சிவப்பாக இருக்கிறது என்கிறார்கள். நான் தொட்ட இடமே வேறு!

சிஐ என்பது நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகவே தொகுத்து, சோதனைகளை ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு. எல்லாம் தேறினால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. பதிவைத் திறந்து, முதலில் தவறிய சோதனையைத் தேடுங்கள். கடைசி வரியை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் புரியாது.

நீங்கள் தொடாத இடத்தில் தவறியிருந்தால் மூலக்கிளையிலேயே அந்தச் சோதனை உடைந்திருக்கலாம், அல்லது அது ‘ஃப்ளேக்கி’ சோதனையாக இருக்கலாம். அதாவது ஒன்றும் மாற்றாமலே ஒரு தடவை தேறும், ஒரு தடவை தவறும். மூலக்கிளையின் நிறத்தைப் பார்த்துவிட்டு, “இது என் மாற்றத்தால் வந்ததாகத் தெரியவில்லை, மெயினிலும் சிவப்பாக இருக்கிறது” என்று எழுதினால் பார்ப்பவருக்குப் பெரிய உதவி.

‘ரீபேஸ் செய்யுங்கள்’ என்றார்கள். செய்தேன், பழைய கமிட்டுகளையே காணோம்!

அதிகம் பயப்பட வைக்கும் சொல் இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை மெயினிலிருந்து கிளை பிரித்து மூன்று கமிட் எழுதினீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் மெயினில் மற்றவர்களின் இருபது கமிட்டுகள் சேர்ந்துவிட்டன. உங்கள் கிளை இன்னும் திங்கட்கிழமை மெயின்மேல்தான் நிற்கிறது. அந்த மூன்றையும் பெயர்த்தெடுத்து, வெள்ளிக்கிழமை மெயின்மேல் திரும்ப வரிசையாக வைப்பதுதான் ரீபேஸ். வழியில் இருவரும் ஒரே வரியை மாற்றியிருந்தால் கிட் நின்றுவிடும், அது கான்ஃப்ளிக்ட். எது இருக்க வேண்டும் என்று மனிதர்தான் சொல்ல முடியும் என்பதால் உங்களைக் கேட்கிறது. நீங்கள் தவறு செய்ததாகப் பொருள் இல்லை.

கமிட்டின் அடையாள எண்ணில் அதற்கு முந்தைய கமிட் எது என்பதும் அடங்கும். அடித்தளம் மாறியதும் எண்ணும் மாறிவிடும். அதனால் பழையவை காணாமல் போனது போலத் தோன்றுகிறது. உண்மையில் அவை உங்கள் கணினியில் இன்னும் சில காலம் இருக்கும்; ‘ரெஃப்லாக்’ என்ற கட்டளை அவற்றைப் பட்டியலிடும். இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு கிட் மேல் இருந்த பயம் போய்விட்டது. எண்கள் மாறியதால் தளம் சாதாரணமாகத் தள்ளுவதை ஏற்காது, ‘ஃபோர்ஸ் புஷ்’ கேட்கும், அதாவது அங்கே இருப்பதை மேலெழுதிக் கட்டாயமாகத் தள்ளுவது. உங்கள் சொந்தக் கிளையில் அது சரி. மற்றவரும் வேலை செய்யும் கிளையில் கூடாது. ‘ஃபோர்ஸ் வித் லீஸ்’ என்ற வகையைப் பழகுங்கள். உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் அங்கே எதையாவது சேர்த்திருந்தால் அது தடுத்துவிடும்.

‘ஸ்குவாஷ்’ இதன் தம்பி: பல கமிட்டுகளை நசுக்கி ஒன்றாக்குவது. ‘செரி பிக்’ என்றால் வேறு கிளையிலிருந்து ஒரே ஒரு கமிட்டை மட்டும் எடுத்து வருவது.

‘கிட் பிளேம் பார்த்தேன், உங்கள் பெயர் வருகிறது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குற்றம் சொல்கிறாரா?

இல்லை. ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளைக்குப் பெயரே பிளேம். கடுமையான பெயர், ஒத்துக்கொள்கிறேன். இந்த வரியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று விசாரிக்கிறார். வெறும் இடைவெளியைத் திருத்தியிருந்தாலும் உங்கள் பெயர்தான் வரும், அப்படியென்றால் சொல்லிவிடுங்கள்.

ஆவணத்தில் ‘ஃபூ’, ‘பார்’ என்று வருகிறது. அதை எங்கே தரவிறக்குவது?

எங்கும் இல்லை. கணக்கில் ‘எக்ஸ்’ போடுவது போல, உங்கள் பெயரை இட்டு நிரப்ப வேண்டிய இடம் அது. கோண அடைப்புக்குள் இருப்பதும் அதே போல நீங்கள் நிரப்ப வேண்டிய இடம்தான். கட்டளைக்கு முன்னால் வரும் டாலர் குறியையும் சேர்த்து நகலெடுக்காதீர்கள். சாதாரணப் பயனராக முனையத்தில் தட்டச்சு செய்ய வேண்டியது என்பதற்கான அடையாளம் அது. அங்கேயே எண் குறி (#) இருந்தால் நிர்வாகி உரிமையோடு ஓட்ட வேண்டியது.

2.4.1 என்ற பதிப்பு எண்ணில் ஒவ்வொரு எண்ணும் எதைச் சொல்கிறது?

‘செமாண்டிக் வெர்ஷனிங்’ முறையைப் பின்பற்றும் திட்டம் என்றால் கடைசி எண் பிழைத்திருத்தம், நடு எண் பழையதை உடைக்காத புது வசதி, முதல் எண் பழையதோடு ஒத்துப் போகாத மாற்றம். முதல் எண் சுழியமாக இருந்தால் எதுவும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். இது ஒரு வாக்குறுதி, மீறப்படுவதும் உண்டு.

எல்லோரும் இப்படி எண்ணிடுவதில்லை. உபுண்டு 24.04 என்றால் 2024 ஏப்ரல். லினக்ஸ் கெர்னலில் முதல் எண் மாறுவதற்குச் சிறப்புப் பொருள் எதுவும் இல்லை. நடு எண் பெரிதானதும் அடுத்ததற்குப் போகிறார்கள். டெக் எழுத்தமைப்பு மென்பொருளின் பதிப்பு எண், ஒவ்வொரு வெளியீட்டிலும் ஓர் இலக்கம் கூடி, பை எண்ணை நெருங்கிக்கொண்டே போகிறது. எனக்கு மிகவும் பிடித்த பதிப்பு எண் அதுதான்.

‘ஆர்சி’ என்றால் பெரிய பிழை எதுவும் வராவிட்டால் இதையே வெளியிடுவோம் என்பது. ‘நைட்லி’ அன்றன்றைக்குத் தானாகத் தொகுக்கப்படுவது. ‘எல்டிஎஸ்’ நீண்ட காலம் பராமரிப்போம் என்ற உறுதி.

‘டெப்ரிகேட்டட்’ என்றால் நீக்கிவிட்டார்களா?

இன்னும் இல்லை. இன்று வேலை செய்யும், இனி இதை நம்பிப் புதிதாக எழுதாதீர்கள், ஒரு நாள் எடுத்துவிடுவோம் என்ற முன்னறிவிப்பு. பந்து உங்கள் கையில், ஆனால் அவகாசம் இருக்கிறது. எவ்வளவு அவகாசம் என்பது திட்டத்தைப் பொறுத்தது. பைத்தான் 3 வந்தது 2008 இறுதியில். பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றது 2020 தொடக்கத்தில்.

‘ரீப்ரொடியூஸ் ஆகவில்லை’ என்றால் என்னை நம்பவில்லை என்று அர்த்தமா?

உங்களை நம்பினாலும் அவர்களால் அதைப் பார்க்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத பிழையைத் திருத்துவது கடினம். திருத்தினாலும் சரியானதா என்று சோதிக்க வழி கிடையாது. அதனால் கேட்பது ஒரு சின்ன எடுத்துக்காட்டு: வேறு எதுவும் தேவைப்படாமல், ஐந்தாறு படிகளில் பிழையைக் காட்டுவது. அதைத் தயாரிக்கும்போதே பாதிப் பேருக்குக் காரணம் தெரிந்துவிடுகிறது.

பழைய பதிப்பில் ஒழுங்காக ஓடியது புதியதில் உடைந்தது என்றால் ‘ரிக்ரெஷன்’ என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான திட்டங்களில் அதற்கு முன்னுரிமை உண்டு. எந்தப் பதிப்பு வரை சரியாக இருந்தது என்றும் சொன்னால், ‘பைசெக்ட்’ கட்டளையால் நடுவில் வெட்டி வெட்டித் தேடுவார்கள். ஆயிரம் கமிட்டுகளில் குற்றவாளியைக் கண்டுபிடிக்கப் பத்துத் தடவை சோதித்தால் போதும்.

‘வோன்ட்ஃபிக்ஸ்’ என்று மூடிவிட்டார்கள். ‘பேட்சஸ் வெல்கம்’ என்றும் ஒருவர் சொன்னார். இரண்டும் ஒன்றா?

இல்லை, வித்தியாசம் முக்கியம். வோன்ட்ஃபிக்ஸ் என்றால் இதைச் செய்யப் போவதில்லை. நீங்களே எழுதித் தந்தாலும் ஏற்பது சந்தேகம். வசதி ஒன்றைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை, அதைப் பராமரிப்பது பல ஆண்டு வேலை என்பது பெரும்பாலும் காரணம். ‘ஸ்டேல்’ என்று மூடப்பட்டால் யாரும் முடிவெடுக்கவே இல்லை; பல நாள் பேச்சே இல்லாததால் ஒரு தானியங்கி மூடியிருக்கும். பிழை இன்னும் இருக்கிறது என்றால் எழுதித் திரும்பத் திறக்கச் சொல்லலாம்.

பேட்சஸ் வெல்கம் என்பதை எல்லோரும் ஒரே தொனியில் சொல்வதில்லை. சிலர் உண்மையிலேயே அழைக்கிறார்கள். சிலருக்கு அது “எங்களுக்கு நேரமில்லை, தொந்தரவு செய்யாதீர்கள்” என்பதன் நாகரிக வடிவம். ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ளலாம்: “இப்படி இப்படிச் செய்து அனுப்பினால் ஏற்பீர்களா?” ஆம் என்று பதில் வந்த பிறகு எழுதத் தொடங்குங்கள். ஒரு வார உழைப்பைக் கொடுத்துவிட்டு மறுப்பு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வலி தேவையில்லாதது.

‘பைக்‌ஷெட்டிங் வேண்டாம்’ என்றார்கள். நான் சைக்கிளைப் பற்றிப் பேசவே இல்லையே?

அணு உலைத் திட்டத்தைக் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளும் குழு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு எந்த வண்ணம் அடிப்பது என்று மணிக்கணக்கில் வாதாடும். உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். இந்த உவமையை 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தில் பால்-ஹென்னிங் காம்ப் எழுதிய ஒரு மின்னஞ்சல் இந்தத் துறையில் பரப்பியது. பெயர், நிறம், இடைவெளி பற்றிய விவாதம் நீளும்போது இப்படிச் சொல்வார்கள். ஆனால் வெளியில் எல்லோரும் பயன்படுத்தப் போகும் பெயரை யோசித்து வைப்பது வீண் விவாதம் அல்ல. அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கான்ட்ரிபியூட்டர், கமிட்டர், மெயின்டெய்னர்: யார் பெரியவர்?

பங்களித்த எவரும் கான்ட்ரிபியூட்டர். எழுத்துப்பிழை திருத்தியவரும் சேர்த்திதான். கமிட்டர் களஞ்சியத்தில் நேரடியாக எழுத அனுமதி உள்ளவர். மெயின்டெய்னர், அதாவது பராமரிப்பாளர், திட்டத்துக்குப் பொறுப்பேற்றவர். ‘பிடிஎஃப்எல்’ என்றால் ஆயுள் முழுவதும் இறுதி முடிவு சொல்லும் நல்லெண்ண அதிபர். பைத்தானில் கைடோ வான் ரோசம் அப்படி இருந்து 2018-இல் விலகினார், இப்போது ஐந்து பேர் குழு நடத்துகிறது.

‘பஸ் ஃபேக்டர்’ என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் திடீரென்று இல்லாமல் போனால் திட்டம் நின்றுவிடும் என்ற எண்ணிக்கை அது. உலகமே நம்பியிருக்கும் பல நிரல்களுக்கு அந்த எண் ஒன்றுதான். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியைப் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். உதவ வந்தவர்போல ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பங்களித்து நம்பிக்கை பெற்று, பராமரிப்பு உரிமை வாங்கி, பின்கதவு ஒன்றைச் செருகினார். 2024 மார்ச்சில், தொலைவிலிருந்து உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். புதியவருக்கு உடனே அனுமதி தராமல் இழுத்தடிக்கிறார்களே என்று பலர் வருந்துகிறார்கள். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் அந்த வருத்தம் குறையும். பராமரிப்பாளர் களைத்திருக்கிறார் என்று தெரிந்தால் ட்ரியாஜ் செய்து கொடுங்கள். அதைவிடப் பெரிய உதவி குறைவு.

பாதுகாப்பு ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தேன். இஷ்யூவில் போட்டதும் உடனே மறைத்துவிட்டார்கள். மூடி மறைக்கிறார்களா?

இஷ்யூவை உலகமே படிக்கும். திருத்தம் வருவதற்குள் யாராவது அதை வைத்துத் தாக்கிவிடலாம். அதனால் களஞ்சியத்தில் ‘செக்யூரிட்டி’ என்ற கோப்பில் தனியே சொல்லும் வழி எழுதியிருப்பார்கள். திருத்தம் தயாராகும் வரை பேசாமல் இருக்கும் காலம் ‘எம்பார்கோ’. அதன்பின் சிவிஇ என்று தொடங்கும் எண் கொடுத்து எல்லோருக்கும் அறிவிப்பார்கள். ஹார்ட்பிளீட் என்று பேசப்பட்ட ஓட்டையின் எண் சிவிஇ-2014-0160. கண்டுபிடித்தவரின் பெயரையும் அறிவிப்பில் போடுவது வழக்கம். தனியே சொல்லி நெடுநாள் ஆகியும் பதில் இல்லையென்றால், ஒரு நாள் குறித்து, அதன்பின் வெளியிடுவேன் என்று முன்கூட்டியே எழுதுவது ஏற்கப்பட்ட முறைதான்.

‘சைன் ஆஃப் இல்லை’ என்று நிராகரிக்கிறது. ‘சிஎல்ஏ’ என்றும் ஒன்று கேட்கிறார்கள். எதில் கையெழுத்துப் போடுகிறேன்?

இரண்டும் வேறு. சைன் ஆஃப் என்பது கமிட் குறிப்பின் கடைசியில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் வரும் ஒரு வரி. இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது, இந்த உரிமத்தில் கொடுக்கிறேன் என்ற சான்று. லினக்ஸில் 2004-இல் தொடங்கியது. சிஎல்ஏ ஓர் ஒப்பந்தம். உங்கள் பங்களிப்பை என்ன செய்யலாம் என்ற அனுமதியைத் திட்டத்தை நடத்தும் அமைப்புக்குத் தருகிறீர்கள். சிலவற்றில், பின்னாளில் உரிமத்தையே மாற்றும் அனுமதியும் அடங்கும். படிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலை பார்க்கும் நிறுவனத்தின் நேரத்திலோ கணினியிலோ எழுதியது என்றால் அவர்களிடமும் கேட்டுவிடுங்கள்.

கூடவே வரும் சொல் ‘காப்பிலெஃப்ட்’. ஜிபிஎல் போன்ற உரிமங்களில், மாற்றியதை மற்றவருக்குக் கொடுத்தால் அதே உரிமத்தில், மூல நிரலோடு கொடுக்க வேண்டும். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி ஆகியவற்றில் அந்தக் கட்டாயம் இல்லை. அவற்றைப் பெர்மிசிவ் என்பார்கள்.

இதையெல்லாம் தமிழில் சொல்லக் கூடாதா?

சொல்லலாம், சொல்ல வேண்டும், ஆனால் இடம் பார்த்து. ஒருவருக்கு விளக்கும்போது கிளை, களஞ்சியம், தலைமடை என்று சொன்னால் சட்டென்று பிடிபடுகிறது, மேலேயே பார்த்திருப்பீர்கள். கட்டளையாகத் தட்டச்சு செய்ய வேண்டிய சொல்லை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ‘ரீபேஸ்’ என்பதை மறுதளமாக்கல் என்று எழுதினால், படிப்பவர் எந்தக் கட்டளையைத் தேடுவார்? பயனர் திரையில் பார்க்கும் சொற்கள் வேறு. அவை தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வேலைக்கு வந்தால் ‘ஐ18என்’, ‘எல்10என்’ என்ற இரண்டையும் காண்பீர்கள். முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே எத்தனை ஆங்கில எழுத்துகள் என்பதுதான் அந்த எண். முன்னது எந்த மொழிக்கும் இடம் தரும்படி நிரலை அமைப்பது, பின்னது ஒரு குறிப்பிட்ட மொழிக்கு ஆக்குவது. ‘ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்’ அறிவித்தால் திரைச்சொற்கள் இனி மாறாது, நிம்மதியாக மொழிபெயர்க்கலாம்.

புரியவில்லை என்று அங்கேயே கேட்டால் மட்டமாக நினைப்பார்களா?

பெரும்பாலானவர்கள் நினைக்க மாட்டார்கள். ஆனால் ‘புரியவில்லை’ என்று மட்டும் எழுதினால் எது புரியவில்லை என்று அவர்கள் ஊகிக்க வேண்டும். நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லி, அடுத்துச் செய்யப் போவதையும் சொல்லுங்கள். “ஸ்குவாஷ் செய்யச் சொன்னீர்கள். மூன்று கமிட்டுகளையும் ஒன்றாக்கி ஃபோர்ஸ் புஷ் செய்ய வேண்டும் என்று புரிந்துகொள்கிறேன். நாளை செய்கிறேன், தவறென்றால் சொல்லுங்கள்.” இப்படி எழுதினால் தவறாக இருந்தால் ஒரே வரியில் திருத்துவார்கள், சரியாக இருந்தால் பதில்கூடத் தேவையில்லை.

அந்தச் சொல் திட்டத்தின் ஆவணத்தில் எங்கும் விளக்கப்படவில்லை என்றால், கிடைத்த பதிலை நான்கு வரியாக எழுதி ‘கான்ட்ரிபியூட்டிங்’ கோப்பில் சேர்த்து ஒரு பிஆர் அனுப்புங்கள். அனுப்பும்போது சைன் ஆஃப் வரியை மறக்காதீர்கள்.